ஒரு ரிசீவர், பல அலைகள்: சிக்கல் எங்கே போச்சு?

1901-ஆம் வருஷம். நியூயார்க் பக்கத்துக் கடலில் 'அமெரிக்கா கோப்பை' பாய்மரப் படகுப் போட்டி. யார் ஜெயிக்கிறாங்க என்ற செய்தியை முதலில் கரைக்கு அனுப்புவது யார் என்பதில் செய்தி நிறுவனங்களுக்குள் இன்னொரு போட்டி. அசோசியேட்டட் பிரஸ்ஸுக்காக மார்க்கோனியின் ஆட்கள் கம்பியில்லாத் தந்திக் கருவியோடு கடலுக்குப் போனார்கள். எதிர்த்தரப்புக்காக லீ டி ஃபாரஸ்ட் தன் கருவியோடு போனார். இது போதாதென்று மூணாவதாக ஒரு கம்பெனியும் வந்து சேர்ந்தது. மூணு பேரும் ஒரே நேரத்தில் அனுப்ப, கரையில் இருந்தவர்களுக்கு உருப்படியாக ஒண்ணும் கேட்கலை!

காரணம் சிம்பிள். அந்தக் காலத்து தீப்பொறி டிரான்ஸ்மிட்டர் எல்லா அதிர்வெண்ணிலும் சகட்டுமேனிக்கு இரைச்சலை வாரி இறைக்கும். ரிசீவருக்கோ 'இது எனக்கு வேணும், அது வேண்டாம்' என்று பிரிக்கத் தெரியாது.

அன்றைக்கு ஆரம்பிச்ச தலைவலிதான் இன்னிக்கு செல்போன் டவர் வரைக்கும் தொடருது. காற்றில் ஒரே நேரத்தில் பல கேரியர்கள் வருது. கேரியர் என்றால் டிபன் கேரியர் இல்லைங்க :-) நம்ம பேச்சையோ பாட்டையோ சுமந்துகிட்டு வர்ற அலை. இத்தனை கேரியரையும் குறைஞ்ச சாமானை வெச்சு, சிக்கல் இல்லாம வாங்குவது எப்படி? இந்த ஒரு கேள்வியின் வரலாற்றைத்தான் இந்தப் பதிவில் சொல்லப் போறேன். நான் எலக்ட்ரானிக்ஸ் வாத்தியார் எல்லாம் இல்லை, சாலிடரிங் அயர்னில் விரலைச் சுட்டுக்கொள்ளும் பொழுதுபோக்கு ஆசாமி. அதனால் கொஞ்சம் டெக்னிக்கலா இருந்தாலும் நம்ம பாஷையிலேயே பேசுவோம்.

மூணு திருகு, ஒரு நோட்டுப் புத்தகம்

முதல் மருந்து டியூனிங். ஆலிவர் லாட்ஜ் 1897-இலும், மார்க்கோனி 1900-இலும் இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார்கள். ஒரு காயில், ஒரு கண்டன்சர். இரண்டும் சேர்ந்தால் ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணுக்கு மட்டும் இசைந்து கொடுக்கும். ஊஞ்சலை அதன் தாளத்துக்குத் தள்ளினால்தான் உயரப் போகும் இல்லையா, அந்தக் கதைதான்.

ஆனா ஒரு காயில்-கண்டன்சர் ஜோடி போதாது. பக்கத்து நிலையமும் கூடவே எட்டிப் பார்க்கும். அதனால ஒண்ணுக்குப் பின்னால் ஒண்ணாக இரண்டு மூணு ஜோடி வைத்தார்கள். 1920-களில் அமெரிக்க வீடுகளில் இருந்த பல ரேடியோக்களில் மூணு பெரிய திருகுகள் இருக்கும். மூணையும் தனித்தனியாகத் திருகி ஒரே அதிர்வெண்ணில் நிறுத்தினால்தான் பாட்டு. நேத்து கேட்ட நிலையம் இன்னிக்கும் வேணுமா? மூணு திருகும் எந்த எண்ணில் நின்றது என்று நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளணும். கேட்கிறவனே பாதி இன்ஜினியர்!

இங்கே ஒண்ணை மனசில் வெச்சுக்குங்க. அந்த ரேடியோவுக்குள் இருந்த சமாச்சாரம் ரொம்ப எளிமை. சிக்கல் மொத்தமும் கேட்கிறவர் விரலில் இருந்தது.

ஆர்ம்ஸ்ட்ராங் போட்ட குறுக்கு வழி

முதல் உலகப் போர் நடந்த நேரம். 1918, பாரிஸ். அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் கோர் பிரிவில் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங் என்ற அதிகாரி இருந்தார். உயர் அதிர்வெண் அலைகளைப் பெருக்குவது அவர் முன்னால் இருந்த பிரச்சினை. அன்றைய வால்வுகளுக்கு அந்த வேகம் வராது.

அவர் யோசித்தது இது: வால்வை அலையின் வேகத்துக்கு ஓட வைப்பதை விட, அலையை வால்வின் வேகத்துக்கு இறக்கிக்கொண்டால் என்ன? ரிசீவருக்குள்ளேயே ஒரு ஆஸிலேட்டர் வைத்து, வருகிற அலையோடு கலக்கினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் ஒரு புது அலையாக வெளியே வரும். கலக்குகிற பாகத்துக்கு மிக்சர் என்று பேர் (டீயோடு கொறிக்கும் மிக்சருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). உள் ஆஸிலேட்டரை நகர்த்தினால், எந்த நிலையமாக இருந்தாலும் அதே ஒரு நிலையான இடைநிலை அதிர்வெண்ணுக்கு வந்து நிற்கும். அந்த ஒரே ஒரு அதிர்வெண்ணுக்கு மட்டும் நல்ல வடிகட்டியும் பெருக்கியும் செஞ்சா போதும்.

உதாரணத்துக்கு, இடைநிலை 455 கிலோஹெர்ட்ஸ் (பிற்பாடு வீட்டு ரேடியோக்களில் பரவலான எண் இது). 1000 கிலோஹெர்ட்ஸ் நிலையம் வேணுமானால் ஆஸிலேட்டர் 1455-இல் நிற்கும். 1455-இல் 1000 போனால் 455. அடுத்த நிலையத்துக்கு ஆஸிலேட்டரை நகர்த்து, அவ்வளவுதான். இதுதான் சூப்பர்ஹெட்டரோடைன். இந்த முறையில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 1924-இல் வீட்டு ரேடியோ விற்க ஆரம்பித்தது. 1930-களில் ஒற்றைத் திருகு ரேடியோ சாதாரணமாகிப் போச்சு. நோட்டுப் புத்தகத்துக்கு வேலை போச்சு.

அப்போ சிக்கல் செத்துப் போச்சா? இல்லை, இடம் மாறிச்சு. முதலாவது, நிழல் அதிர்வெண். 1455-க்கு இந்தப் பக்கம் 455 தள்ளி 1000 இருக்கிற மாதிரி, அந்தப் பக்கம் 455 தள்ளி 1910 இருக்கு. அங்கே யாராவது பேசினாலும் அதே 455-க்கு வந்து உட்கார்ந்துவிடும். சிற்றலை கேட்டவர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். விலை மலிவான செட்டில் 11.80 மெகாஹெர்ட்ஸில் இருக்கிற நிலையம் 10.89-இலும் மெல்லக் கேட்கும். அது வேற நிலையம் இல்லை, 910 கிலோஹெர்ட்ஸ் தள்ளி விழுந்த அதோட நிழல்.

இரண்டாவது, தொழிற்சாலை வேலை. முன்பு விரலால் ஒத்திசைத்ததை இப்போ ஐ.எஃப்.டி. காயில்களைத் திருகி ஒருமுறை ஒத்திசைத்துத் தரணும். நம்ம ஊர் மெக்கானிக்குகள் 'அலைன்மெண்ட்' என்று சொன்னது இதைத்தான். பிளாஸ்டிக் திருப்புளியை வைத்துக்கொண்டு காதால் கேட்டே சரி செய்யும் கில்லாடிகள் எத்தனை பேர்!

மூணாவது சிக்கல் கண்டுபிடித்தவருக்கே வந்தது. பிரான்ஸில் லூசியன் லெவி என்பவர் 1917-இலேயே இதே போன்ற யோசனைக்கு விண்ணப்பித்திருந்தார். அமெரிக்கக் காப்புரிமை மல்லுக்கட்டில் முக்கியமான உரிமைகளில் பல ஆர்ம்ஸ்ட்ராங் கையை விட்டுப் போயின. பிறகு அவர் கண்டுபிடித்த அகலப்பட்டை பண்பலைக்கு 1933-இல் காப்புரிமை கிடைத்தது. அதற்காக ஆர்.சி.ஏ. மேல் 1948-இல் வழக்குப் போட்டார். பணமும் நிம்மதியும் கரைஞ்சு, 1954-இல் நியூயார்க்கில் தன் அடுக்குமாடி வீட்டு ஜன்னலிலிருந்து குதித்து உயிரை விட்டார். அவர் மனைவி மரியன் விடவில்லை. மிச்ச வழக்குகளை எல்லாம் நடத்தி, கடைசி வழக்கையும் 1967-இல் ஜெயித்தார். இன்றைக்கும் ரேடியோவைத் திருகி பாட்டுக் கேட்கிற ஒவ்வொருத்தரும் இந்த மனுஷனுக்குக் கடன்பட்டவங்கதான்.

ஒண்ணு கேட்டா போதாது, எல்லாம் வேணும்

சூப்பர்ஹெட் ஒரு நேரத்தில் ஒரு நிலையத்தைத்தான் கேட்கும். வீட்டு ரேடியோவுக்கு அது போதும். செல்போன் டவருக்கு?

1983 அக்டோபரில் அமெரிக்காவின் சிகாகோவில் வணிக செல்போன் சேவை ஆரம்பமானது. ஒவ்வொரு பேச்சுக்கும் 30 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில் தனி அலைவரிசை. ஐம்பது பேர் பேசணும்னா டவரடியில் ஐம்பது ரேடியோ. அறை முழுக்க அலமாரிகள், அலமாரி முழுக்க ரேடியோக்கள்.

1991-இல் பின்லாந்தில் ஆரம்பித்த ஜி.எஸ்.எம். கொஞ்சம் கருணை காட்டியது. 200 கிலோஹெர்ட்ஸ் கேரியர் ஒன்றை எட்டு பேர் நேரம் பிரித்துப் பங்கு போட்டுக் கொள்ளலாம். இந்தியாவுக்கும் 1995-இல் அது வந்தது. ஆனாலும் ஒரு கேரியருக்கு ஒரு ரேடியோ என்ற கணக்கு மாறவில்லை. டவர் வேலை பார்த்த நண்பர்களைக் கேட்டால் '2+2+2', '4+4+4' என்பார்கள். மூணு திசை, திசைக்கு நாலு கேரியர். மொத்தம் 12. ஒவ்வொன்றுக்கும் நல்ல சிக்னலைத் தேர்ந்தெடுக்க இரண்டு ஆண்டெனா வைப்பது வழக்கம். ஆக 24 ரிசீவர் வரிசைகள். 24 வடிகட்டி, 24 பெருக்கி. கரண்டும் வெயிலும் அடுத்த பிரச்சினை. அவ்வளவும் சூடாகும், ஏசி போடணும், கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடணும்.

இங்கேதான் எளிமையாக்கும் ஆசை மறுபடி தலைதூக்கியது. மூணு வழி தெரிஞ்சது.

முதல் வழி: நேரத்தைப் பிரி

நம்ம ஊர் சம்பந்தப்பட்டது என்பதால் இதை முதலில் சொல்றேன். 1990-களில் சென்னை ஐஐடியில் பேராசிரியர் அசோக் ஜுன்ஜுன்வாலாவின் டெநெட் குழு, மைதாஸ் நிறுவனம், அனலாக் டிவைசஸ் எல்லாம் சேர்ந்து உருவாக்கிய கார்டெக்ட் நினைவிருக்கா? அதன் அடிப்படை டெக்ட் என்ற ஐரோப்பிய முறை. அதில் பத்து கேரியர்கள். 10 மில்லிசெகண்டில் 24 துண்டு நேரம், போக 12, வர 12. ஒரே ரேடியோ துண்டுக்குத் துண்டு வேற வேற கேரியருக்குத் தாவித் தாவி 12 பேச்சுகளைக் கவனித்துக்கொள்ளும். சதாவதானி மாதிரி. மதுரை மாவட்டம் மேலூர் பக்கத்துக் கிராமங்களுக்கு 2000-களின் தொடக்கத்தில் இன்டர்நெட் போனது இந்த வழியில்தான். விலை குறையணும் என்ற கட்டாயத்தில் பிறந்த எளிமை. ஆனால் எந்த ஒரு நொடித்துளியிலும் ஒரு கேரியரைத்தான் கேட்கும். எல்லாரும் எப்பவும் பேசும் முறைகளுக்கு இது பத்தாது.

இரண்டாவது வழி: மொத்தமா அள்ளு

அலைவரிசைப் பட்டை முழுவதையும் ஒரே மிக்சரில் கீழே இறக்கி, வேகமான ஒரு அனலாக்-டிஜிட்டல் மாற்றியில் கொட்டி எண்களாக மாற்றிவிடுவது. அதற்கப்புறம் கேரியர்களைப் பிரிப்பது வெறும் கணக்கு. ஒவ்வொரு கேரியருக்கும், வந்த எண்களை ஒரு சைன் அலையின் எண்களால் பெருக்கி, வடிகட்டி, தேவையில்லாததைக் கழித்துவிட வேண்டியது. பார்த்தீங்களா, அதே ஆர்ம்ஸ்ட்ராங் மிக்சர்தான்! வால்வு போய் பெருக்கல் வாய்ப்பாடு வந்திருக்கு. இன்னொரு கேரியர் வேணுமா? இன்னொரு கணக்கு போடு. இன்னொரு ரேடியோ வாங்க வேண்டாம்.

கேட்க நல்லா இருக்கு. ஏன் முதலிலேயே செய்யலை?

கல்யாண மண்டபத்தை நினைச்சுக்குங்க. தவில் அடிக்கிற இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, கடைசி வரிசைப் பாட்டி முணுமுணுப்பதைக் கேட்கணும். பழைய ரிசீவர் கதவைச் சாத்திக்கொண்டு பாட்டியிடம் தனியாகப் பேசியது. இப்போ எல்லாரும் ஒரே மண்டபத்துக்குள்.

எண்ணில் சொன்னால், ஜி.எஸ்.எம். 900 விதிப்படி டவர் ரிசீவர் கேட்க வேண்டிய மெலிந்த சிக்னல் மைனஸ் 104 டெசிபல் அளவு. அதே சமயம் சில மெகாஹெர்ட்ஸ் தள்ளி மைனஸ் 13 அளவில் ஒருத்தர் கத்தினாலும் தாங்கணும். வித்தியாசம் 91 டெசிபல், அதாவது சுமார் 125 கோடி மடங்கு! மெலிந்த குரல் புரியணும்னா இரைச்சல் அதுக்கும் 9 டெசிபல் கீழே இருக்கணும். ஆக கிட்டத்தட்ட 100.

1990-களின் பிற்பகுதியில் கிடைத்த நல்ல மாற்றி, 12 பிட், நொடிக்கு 6.5 கோடி மாதிரிகள். 12 பிட் என்றால் ஏட்டுக் கணக்கில் 74 டெசிபல். 200 கிலோஹெர்ட்ஸுக்குச் சுருக்கி வடிகட்டுவதால் இன்னும் 22 லாபம். மொத்தம் 96. அட, மயிரிழையில் கோட்டை விட்டாச்சு. அதுவும் ஏட்டுக் கணக்கில். நிஜத்தில் இன்னொரு தொல்லை உண்டு. இரண்டு பலமான கேரியர்கள் ஒரே பெருக்கிக்குள் போனால், அது கொஞ்சம் வளைந்து கொடுத்தாலும் புதுசாகப் பேய் அலைகள் பிறக்கும். 900.0-இலும் 900.4-இலும் இரண்டு பேர் பலமாகப் பேசினால், யாருமே பேசாத 899.6-இலும் 900.8-இலும் குரல் எழும். அங்கே மெலிந்த குரலில் ஒருத்தர் இருந்தால் அவர் கதி அதோகதி.

அதனால் மாற்றியின் பிட்டுகளைக் கூட்டினார்கள், பெருக்கியை நேராக்கினார்கள். போதாதற்கு விதியையே கொஞ்சம் இளக்கினார்கள். பல கேரியர் வாங்கும் டவர் கருவிகளுக்கென்று 3ஜிபிபி தன் 8-ஆம் வெளியீட்டில் தனிப்பிரிவு வைத்தது. 24 வரிசையில் பரவிக் கிடந்த சிக்கல், ஒரு பெருக்கியும் ஒரு மாற்றியும் தாங்க வேண்டிய பாரமாகத் திரண்டு நின்றது.

மூணாவது வழி: இடைநிலையே வேண்டாம்

ஆஸிலேட்டரைச் சரியாக நிலையத்தின் அதிர்வெண்ணிலேயே வைத்தால் வித்தியாசம் பூஜ்யம். நேரே பாட்டு வெளியே வரும். நிழல் தொல்லைக்குத் தனி வடிகட்டி வேண்டாம். இங்கிலாந்தில் கோல்புரூக் 1924-இலேயே இதைப் பற்றி எழுதினார். ஆனால் ஆஸிலேட்டர் கசிந்து தன்னையே கலக்கிக்கொண்டு பூஜ்யத்தில் ஒரு மேடு கட்டும். பல பத்தாண்டுகள் இது ஆர்வலர்களின் விளையாட்டுப் பொருளாகவே கிடந்தது. எல்லாவற்றையும் ஒரே சிலிக்கான் துண்டில் அடக்கணும் என்ற கட்டாயம் வந்தபோதுதான் தூசு தட்டினார்கள். கலிபோர்னியாவில் பேராசிரியர் அசத் அபிதி 1995-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் பெரிய மைல்கல். இன்றைக்கு உங்க சட்டைப்பையில் இருக்கிற போன் இந்த வம்சம்தான்.

இதில் அலையை 90 டிகிரி தள்ளி இரண்டு பாதையில் வாங்குவார்கள். இரண்டு பாதையும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தால் எல்லாம் சுபம். ஒரு சதவீதம் வித்தியாசம் இருந்தாலே, நடுவுக்கு இந்தப் பக்கம் இருக்கும் கேரியரின் நிழல் அந்தப் பக்கத்துக் கேரியர் மேல் விழும், 40,000-இல் ஒரு பங்கு பலத்தோடு. ஒரே கேரியர் என்றால் பெரிய விஷயமில்லை. பல கேரியர் என்றால்? மேலே சொன்ன 125 கோடியை நினைத்துப் பாருங்க. தீர்வு, மறுபடி கணக்குதான். நிழலை அளந்து, மென்பொருளால் கழித்துவிடுவது.

எளிமை யாருக்கு?

ஜோ மிடோலா 1991-இல் 'சாஃப்ட்வேர் ரேடியோ' என்ற பேரைச் சூட்டினார். எம்.ஐ.டி.யில் 'ஸ்பெக்ட்ரம்வேர்' ஆராய்ச்சியில் இருந்த வனு போஸ் (ஸ்பீக்கர் புகழ் அமர் போஸின் மகன்) 1998-இல் கம்பெனி ஆரம்பித்தார். அவர்களுடைய ஜி.எஸ்.எம். டவர் மென்பொருள் ரேடியோவுக்கு 2004 நவம்பரில் அமெரிக்க எஃப்.சி.சி. அனுமதி கொடுத்தது. அந்த வகையில் முதல் அனுமதி அதுதான். டெக்சாஸின் மிட்-டெக்ஸ் செல்லுலார் மாதிரி சின்ன கிராமப்புறக் கம்பெனிகளுக்கு இதில் உயிர் போகும் விஷயம் இருந்தது. புதுத் தொழில்நுட்பம் வரும்போதெல்லாம் டவர் பெட்டியைக் கழற்றிக் கடாசிவிட்டு வேறு வாங்க அவர்களிடம் ஏது காசு? ஒரே பெட்டி, மென்பொருளை மட்டும் மாற்று என்றால் பிழைச்சுக்கலாம்.

அதற்குப் பிறகு எல்.டி.இ. அட்வான்ஸ்டு வந்தது. தலா 20 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஐந்து கேரியர்களை ஒட்டி ஒரே குழாயாக்கலாம் என்றது. 2013 ஜூனில் தென்கொரியாவில் இது வணிகச் சேவையானது. டவரின் தலைவலி நம்ம போனுக்குள்ளேயே வந்தாச்சு.

நூறு வருஷக் கதையில் எனக்குத் தெரிவது இதுதான். ரிசீவர் ஒவ்வொரு தடவை எளிமையானபோதும், சிக்கல் ஒரு வீடு தள்ளிக் குடிபோயிருக்கு. கேட்பவரின் விரலிலிருந்து தொழிற்சாலைக்கு. அங்கிருந்து சிலிக்கானுக்கு. சிலிக்கானிலிருந்து மென்பொருளுக்கு. அது எங்கே குடிபோகுதோ, அங்கே இருப்பவர் கையில்தான் சாவி. ஐ.எஃப்.டி.யைத் திருகத் தெரிஞ்ச தெருக்கோடி மெக்கானிக்கிடம் ஒரு காலத்தில் அந்தச் சாவி இருந்தது. இன்றைய போனைக் கொடுத்தால் அவரால் செய்ய முடிஞ்சது டிஸ்ப்ளே மாற்றுவது மட்டும்தான். ரேடியோ அவருக்குப் புரியாமல் போனதால் இல்லை, ரேடியோ அவரை விட்டுப் போனதால்.

ஆனா முழுக்கப் புலம்பவும் முடியாது. 2001-இல் தொடங்கிய குனு ரேடியோ எல்லாருக்கும் இலவசம், திறந்து பார்க்கலாம். 2012-இல், டி.வி. பார்க்கச் செய்த மலிவு யு.எஸ்.பி. குச்சி ஒன்றை (ஆர்.டி.எல். சிப் உள்ளது) அகலப்பட்டை ரிசீவராகப் பயன்படுத்தலாம் என்று ஆர்வலர்கள் கண்டுபிடித்தார்கள். வெறும் 8 பிட்தான், ஒரே நேரத்தில் 2.4 மெகாஹெர்ட்ஸ் அள்ளும். என்னிடம் ஒண்ணு இருக்கு. சென்னையில் தனியார் பண்பலைகளுக்கு ஒதுக்கிய 91.1, 91.9, 92.7 மூணும் அந்த அகலத்துக்குள் அடங்கும். மூணு கேரியரும் திரையில் மூணு மேடாகத் தெரியும். மூணையும் ஒரே நேரத்தில் தனித்தனிக் கோப்பில் பதிவு செய்யலாம். 1901-இல் மூணு கம்பெனிக்காரர்கள் சேர்ந்து முடியாமல் போனது, மேஜை மேல ஒரு குச்சியில் நடக்குது.

சாவி மறுபடி கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கு. எடுக்கிறதுக்குத் திருப்புளிக்குப் பதிலா கொஞ்சம் கணக்கு வேணும், அவ்வளவுதான். உங்க பசங்களுக்கு லீவு விட்டா ஒரு குச்சி வாங்கிக் கொடுத்துப் பாருங்க. அப்படியே பரணில் தாத்தாவோட வால்வு ரேடியோ இருந்தா, அதைப் பழைய சாமான்காரருக்குப் போட்டுடாதீங்க. இரண்டையும் பக்கத்தில் வெச்சு, உள்ளே இருக்கிறது ஒரே மிக்சர்தான்னு காட்டுங்க.